புறங்கை

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் காலைப் பஸ்ஸில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இடம் கிடந்தாலும் உட்கார மாட்டாள். முன்வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தோல்பையை வயிற்றோடு அணைத்தபடி நிற்பாள். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை. உட்கார்ந்தால் பின்பக்கம் ஒடிந்துவிடும். ஒடிந்த மடிப்பு அன்றைக்கு முழுக்க நிமிராது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிகிற, யானை முத்திரை போட்ட அந்த சர்க்கார் ஆனவண்டியில் அவளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் காலியாக இருக்கும். யாரும் சொல்லி ஒதுங்கியதில்லை. அந்தச் சேலை ஒதுக்கியது.

ஒரு கண்டக்டர் அவளிடம் விளையாடிப் பார்த்தான். "மேடத்துக்கு அரை டிக்கெட் போதும். சீட்டு தேயாதல்லோ" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். உதடு அழகாக விரிந்தது, பல்வரிசை அளவாகத் தெரிந்தது, கண் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனான். பிறகு அவளிடம் அவன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

நான் அதே பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவள். அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் மட்டும் கொஞ்சம் பின்னி, ஒரு துளசி இணுக்கைச் செருகிக்கொண்டு ஓடிவருவேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் காலை. ரவிக்கையின் முதுகு நனைந்திருக்கும். இரண்டாவது பீரியடில் காய்ந்துவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் ஈர முதுகோடுதான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். தமிழுக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை.

அந்த ஈர முதுகுதான் அவளுக்கு ஆகாதது. அது எனக்குத் தெரியவந்தது என் மகள் பிந்து அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பிறகு.

நெய்யாற்றின்கரையில் அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. புதிதாகக் கட்டியது. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் அரைவட்டமாக ஒரு கவுண்டர். அதன் பின்னால் நான்கைந்து பெண்பிள்ளைகள். அவர்களுக்கு மேலே அவள். பிந்து பி.ஏ. முடித்து, சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த நேரம். வேலை கிடைத்ததில் அவளுடைய அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த மனிதர். ஜன்னல் வழியாகக் கை நீட்டுகிற ஜனங்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். "நம்ம பிள்ளைக்கு கண்ணாடி வச்ச ஆபீசாக்கும்" என்று தன் ஆபீஸ் இருந்த பெருங்கடவிளையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

முதல் நாளே பிந்து திரும்பி வந்து சொன்னது முதுகைப் பற்றித்தான். காலையில் பிள்ளைகள் கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். மேடம் பின்பக்கமாக நடந்து வருவாள். செருப்பின் அடியில் ரப்பர் ஒட்டியிருப்பதால் வருவது தெரியாது. திடீரென்று முதுகில் புறங்கை படும். உள்ளங்கை இல்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல விரல்களின் பின்பக்கம். ஈரம் இருந்தால், காயவைத்துவிட்டு வரச் சொல்லி ஒரே வார்த்தை. "உணக்கீட்டு வா." ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற சுவர் ஒன்று உண்டு. அங்கே போய் முடியை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருகிற போகிற டிரைவர்மார் பார்ப்பார்கள்.

"முந்தின நாள் ராத்திரியே குளிச்சிரு மக்கா" என்றேன். சின்ன விஷயம்தானே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒவ்வொன்றாக மாறியது. பிச்சிப்பூ நின்றது. கண்ணாடி வளையல் பெட்டிக்குள் போனது. விடியற்காலையில் கரி இஸ்திரிப் பெட்டியின் மணம் வரும். பிந்து குனிந்து நின்று சேலைக்கு ஓரம் பிடிப்பாள். சந்தனக் குறி சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியானது. நோயாளிகள் மூக்குக்கு முன்னால் பேசுகிற வாய் என்பதால் மதியச் சோற்றுக்கு மீன் கூடாது. கருவாடு வீட்டில் பொரித்தாலே சேலையில் ஏறும் என்பதால் அதுவும் கூடாது. அவளுடைய அப்பா ஒருநாள் சாளை மீன் வாங்கிக்கொண்டு வந்தவர், வாசலிலேயே நின்று, "பிள்ளே, உன் மேடம் சம்மதிச்சா நான் இதை உள்ள கொண்டு வாறேன்" என்றார். பிந்து சிரித்தாள். ஆனால் தன் சேலைகளை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பேச்சும் மாறியது. கவுண்டரில் மலையாளம், இல்லையென்றால் இங்கிலீஷ். எங்கள் 'வாறேன் போறேன்' அங்கே நுழையக் கூடாது. இதில் எனக்கு எரிச்சலூட்டிய சங்கதி ஒன்று உண்டு. அவள் வீட்டிலும் தமிழ்தான். பழைய சைவக் குடும்பம். ராஜா காலத்தில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர்களின் வழி என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். காய்கறிக் கடையில் நின்று "இந்த வெண்டைக்கா முத்தலாக்கும், வேற உண்டா?" என்று அவள் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் அடுத்த வாக்கியம் மலையாளத்துக்குத் தாவியது.

அவளைப் பிடித்த நாளும் ஒன்று உண்டு. மறைப்பது நியாயம் இல்லை. ஒரு பணக்காரர், டாக்டர் வரத் தாமதம் என்று கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கத்தி, கையிலிருந்த எக்ஸ்ரே கவரை அவள் முகத்தில் எறிந்திருக்கிறார். மேடம் நடந்து வந்தாள். கவரைக் கீழேயிருந்து எடுத்தாள். சேலை கசங்காமல் எப்படிக் குனிந்தாள் என்பதை பிந்து எனக்குச் செய்தே காட்டினாள். முதுகு நேராக இருக்க, முழங்கால் மட்டும் மடங்கும். கவரை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டி, அந்தச் சிரிப்பைச் சிரித்து, "சார், இது தாழே வீணு போயி" என்றாளாம். கீழே விழுந்துவிட்டதாம்! அந்த ஆள் அப்படியே அடங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அழுதுகொண்டிருந்த பிள்ளையைக் கழுவுமிடத்துக்குக் கூட்டிப்போய், கைக்குட்டையை நான்காக மடித்து, அதன் மூலையால் கண்ணுக்குக் கீழே ஒற்றிக் காட்டியிருக்கிறாள். அங்கே ஆள் இல்லாததால் வீட்டுப் பேச்சு வந்திருக்கிறது. "ஒத்தி எடு. தேய்க்காத. தேய்ச்சா அவன் ஜெயிச்சதா ஆவும்."

பிந்து இதைச் சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. எனக்கும் அன்று அந்தப் பெண்ணைப் பிடித்தது. ஸ்டாஃப் ரூமில் ஆண்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு நானும் எத்தனையோ தடவை முந்தானையால் முகத்தைத் தேய்த்தவள்தான். அந்தப் பிடித்தம் மறுவாரம் போய்விட்டது.

பிந்து சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு வழியாக மகள் தெரிந்தாள். யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகு நேராக, தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. என் பெண்ணா என்று எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. கதவைத் தள்ளப் போனபோது மேடம் வெளியே வந்தாள். என்னைத் தெரியும், பஸ்ஸில் பார்ப்பவள்தானே. பாத்திரத்தை விரல் நுனியால் வாங்கிக்கொண்டாள்.

"டீச்சரே, பிள்ளய கூப்பிட வேண்டாம். நான் குடுத்துக்கிடுதேன். வீடு, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நிக்கட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பார்வை என் தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. நான் அன்று ஈரத் தலையோடு போயிருந்தேன்.

"நான் வீடில்ல மேடம், அம்மையாக்கும்" என்று சொல்லியிருக்கலாம். அது பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாமே பஸ் ஏறின பிறகுதான் தோன்றும்.

வீட்டில் சொன்னபோது பிந்து அவள் பக்கம்தான் பேசினாள். ஒருத்தியுடைய வீட்டை உள்ளே விட்டால் எல்லார் வீடும் உள்ளே வந்துவிடுமாம். புருஷன் குடித்துவிட்டு வந்து கவுண்டரில் நிற்பான், மாமியார் வந்து நிற்பாள், பிறகு யார் இந்தப் பிள்ளைகளை மதிப்பார்கள் என்று மேடம் கேட்டாளாம்.  பிந்துவின் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அப்போ நான் இனி நோய் வந்துதான் பிள்ளய பாக்கப் போகணும்" என்றார். அதற்கும் சிரித்தோம்.

ஒருமுறை செங்கல் என்கிற ஊரின் கோயிலில் அவளைப் பார்த்தேன். கூட்டம் இல்லாத நேரம். தூணில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, நரம்புகள் பச்சையாகப் புடைத்திருந்தன. நின்று நின்று வந்தது. சுற்றிலும் உட்காரக் கல்படி எவ்வளவோ கிடந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் காலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள். "டீச்சர் தொழுதாச்சா?" என்றாள், அதே சிரிப்போடு. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தக் கால்களை என் மகளுக்கும் கொடுக்கப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

கால் வீங்கும் முன்பே வேறொன்று வந்தது.

ஒரு காலையில் பிந்து வேலைக்குப் போன பிறகு அவளுடைய அப்பா சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. பக்கத்து வீட்டு ஜீப் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம் போகலாமா என்று ஜீப்காரர் கேட்டார். அவர்தான் மூச்சுக்கு நடுவே, "நம்ம பிள்ள இருக்க எடத்துக்குப் போ" என்றார். எனக்கும் அதுதான் தைரியமாக இருந்தது. வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ள அங்க உண்டு, பிள்ள அங்க உண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் ஸ்டிரெச்சர் வந்தது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னிடம் கவுண்டரில் சீட்டு எடுத்து வரச் சொன்னார்கள். ஓடினேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் என் கோலத்தைப் பார்த்து விலகினார்கள். பிந்துவுக்கு நேர் எதிரே போய் நின்றேன். அவளுக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி, மேடம் நின்றிருந்தாள்.

பிந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் கண்ணில் என் மகள் இருந்தாள். பிறகு உதடு விரிந்தது. அளவாக.

"பேஷண்டின்றெ பேரு?"

"மக்கா, அப்பாக்கு..." என்றேன்.

"பேரு பறயூ."

சொன்னேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதை அழகான எழுத்தில் எழுதினாள். வயது கேட்டாள், சொன்னேன். வீட்டுப் பேர் கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் காலையில் ஒன்றாகக் காப்பி குடித்த வீட்டின் பெயரை அவளிடமே சொன்னேன்.  சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினாள். நேராகப் போய் இடது பக்கம் என்று விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். நான் திரும்புவதற்குள் பின்னால் அவள் குரல் கேட்டது.

"அடுத்தயாளு."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டு உடனே கிடைத்தது. அவள் கதறியிருந்தால், அவளைப் பிடிக்க இருவர் வந்திருந்தால், இன்னும் நேரமாகியிருக்கும். யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது சரி. இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலே அறைக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் தெளிந்தது. கன்னத்து நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டேன். "பிள்ள எங்க?" என்று கேட்டார். கீழே இருக்கிறாள், டியூட்டி என்றேன். "செரி. தீந்துட்டு வரட்டு" என்றார். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கையையும் அசைத்தார். கிளார்க் அல்லவா, கவுண்டரில் ஆள் நிற்கும்போது எழுந்து போகக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிந்துவின் செருப்பிலும் இப்போது ரப்பர் ஒட்டியிருந்ததால் சத்தத்தை நம்பவும் முடியாது.

அவள் வந்தபோது அவர் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சேலையில் ஒரு மடிப்புகூட ஒடிந்திருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தாள். நான்காக மடித்தாள். மூலையால் இடது கண்ணுக்குக் கீழே ஒற்றினாள், பிறகு வலது கண்ணுக்குக் கீழே. தேய்க்கவில்லை. அந்த அறையில் அவளை ஜெயிக்கக் காத்திருந்தவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலை வீட்டின் தெற்குப் பக்கம், எங்கள் மண்ணிலேயே, மாமரம் வெட்டி அடுக்கி அவரை எரித்தோம். அது முடிந்து பெண்கள் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். சாம்பல் நிறச் சேலை. துக்க வீட்டுக்கு எது சரியோ அது. பொட்டு இல்லை. மடிப்புகள் கோடு போட்டதுபோல நின்றன. நான் குளித்துவிட்டு முற்றத்துக்கு வந்திருந்தேன். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வழக்கம்போல அவள் உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தினாள். முற்றத்தில் ஆட்கள் இருந்தும் என்னிடம் எங்கள் பேச்சிலேயே பேசினாள்.

"டீச்சரே, நான் அவள மேல போகச் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். 'தீத்துட்டுப் போறேன் மேடம்'னு சொல்லிட்டா. நான் பிடிச்சு நிறுத்தல்ல. அது நீங்க அறியணும்."

பொய்யாக இருக்கலாம். தன் மேல் கறை படாமல் இருக்கச் சொன்னதாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்று சாமியைக் கும்பிட்டேன். பிந்துவிடம் இதை இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அதற்குள் பிந்து கிணற்றடியிலிருந்து வந்தாள். ஈரச் சேலை, அவிழ்ந்த முடி. முடியிலிருந்து தண்ணீர் சொட்டி நடந்த வழியெல்லாம் நனைந்தது. வெகுநாள் கழித்து என் வீட்டுப் பிள்ளையாக இருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும்தான் எனக்கு அழுகையே வந்தது. அவள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். மேடம் ஒரு அடி எடுத்து வைத்து, அவளைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் முதுகில் வைத்தாள். அணைத்து ஆறுதல் சொல்கிறாள் என்று முற்றத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் பக்கவாட்டில் நின்றேன். எனக்குக் கை தெரிந்தது.

புறங்கை.

வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கும் தெரியும். மனசு போகாத இடத்துக்குக் கை தன்பாட்டில் போயிருந்தது. பட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் பிந்துவின் முதுகு அதற்குள் நிமிர்ந்துவிட்டது.

"சாரி மேடம்" என்றாள் பிந்து. "இப்ப உணக்கீட்டு வாறேன்."

"அய்யோ, வேண்டாம் மக்கா" என்றாள் அவள். மக்கா என்று அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிந்துவுக்கு அது கேட்டதா என்று தெரியாது. அவள் போய்விட்டாள்.

மேடம் பின்னால் கையால் தடவி, நாற்காலி இருக்கிறதா என்று பார்த்து, உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட துணி முறிகிற சத்தம் கேட்டது. உதடு விரியப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவும் மாட்டேன். கொஞ்ச நாளில் அவள் வேறு ஊருக்கு, இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது எந்த ஊரில், யார் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறாளோ.

அவளை அங்கேயே விட்டுவிட்டு மகளைத் தேடிப் போனேன். வீட்டின் கிழக்குச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. பிந்து சுவரைப் பார்த்து நின்று, முதுகை வெயிலுக்குக் கொடுத்து, முடியை இரண்டாகப் பிரித்துத் துவர்த்துத் துண்டால் தட்டித் தட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தாள். தெற்கேயிருந்து புகை அந்தப் பக்கமாகவும் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கவனமாக, நன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

 பின்னால் போய் அவள் முதுகில் கை வைத்தேன். உள்ளங்கையைத்தான் வைத்தேன். முழுதாக, அழுத்தமாக.

அவள் திரும்பாமலே கேட்டாள். "உணங்கியாச்சா அம்மா?"